பிரெஞ்சு வாத்தியாரின் திருத்தம்

என் மகளுக்குப் பத்தாம் வகுப்பில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர் அவர். ஒல்லியான பாண்டிச்சேரிக்காரர். ஒரு வினைச்சொல்லை நான், நீ, அவன் என்று ஆறு விதமாக மாற்றிச் சொல்லத் தொடங்குமுன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். முடித்த பிறகுதான் கட்டிக்கொள்வார்.

பரீட்சை முடிந்து, மகள் பிரெஞ்சையே விட்டுவிட்ட பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மும்பை மாட்டுங்கா வீட்டு வாசலில் வந்து நின்றார். நவி மும்பையில், நெருளில் இருக்கும் தன் வீட்டிலிருந்து ரயில் மாறி வந்திருந்தார்.

"பாப்பா இருக்குதுங்களா? இம்பர்ஃபெக்ட் சப்ஜங்க்டிவ்னு ஒரு பழைய வினை வடிவம், அதுல ஒண்ணு தப்பா சொல்லிக்குடுத்துட்டேன். நேத்துதான் தெரிஞ்சுது."

"அது சிலபஸ்லயே இல்லேன்னு சொன்னேளே சார்?"

"இல்லதாங்க. பிரெஞ்சுக்காரனே இப்ப அப்படிப் பேசறதில்ல. பாப்பா ஆசையாக் கேட்டுச்சேன்னு எடுத்தேன். அதைப் போய்த் தப்பா சொல்லிட்டேன்."

உள்ளறையிலிருந்து மகள், தான் இல்லையென்று சொல்லும்படி கையை ஆட்டினாள். "வெளில போயிருக்கா சார்" என்று பொய் சொன்னேன்.

"அப்ப நீங்க கேட்டுக்கிட்டு சொல்லிடுங்க."

கடிகாரத்தைக் கழற்றினார். ஆறு வடிவங்களையும் அவர் சொல்லச் சொல்ல, பிரெஞ்சு தெரியாத நான் திருப்பிச் சொன்னேன். மூன்றாவது என் வாயில் நுழையவில்லை. நுழையும்வரை அவர் விடவில்லை. பிறகு கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, காப்பிகூடக் குடிக்காமல், நிம்மதியாகப் படியிறங்கிப் போனார்.

அதை மகளிடம் சொல்ல வாயெடுத்தால், "விடும்மா" என்கிறாள். குக்கர் வைக்கும்போதெல்லாம் அந்த ஆறும் என் வாயில் வருகின்றன. அவர் என்னிடம் இறக்கி வைத்துவிட்டுப் போனதை நான் யாரிடம் இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.