அப்பாவுக்கு நிமோனியா

வடகோடிப் பனி நாட்டில், குஸ்கோக்விம் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊருக்கு டாக்டர் கிடையாது. மார்ஃபா உண்டு. பதினேழு வருஷமாக கிளினிக்கில் சுகாதார உதவியாளர் அவள்தான். தையல் போடுவாள், பிரசவம் பார்ப்பாள், தொண்டையில் சிக்கிய மீன் முள்ளை எடுப்பாள். தனக்குத் தெரியாததை பெத்தேல் நகரத்து ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனில் கேட்பாள். பயிற்சிக்காக நான்கு முறை பெத்தேலுக்குப் போய் நான்கு முறையும் தேறினாள். ஒரு பரீட்சையைக்கூட இரண்டாம் தடவை எழுதவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

குழந்தைகளின் மூச்சை எண்ணும்போது முழு நிமிஷமும் எண்ணுவாள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்குகிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

அவளுடைய அப்பா பெயர் அங்கல்காக். போன வருஷம் அக்டோபரில் இறந்தார். அடுத்த மாதமே பக்கத்து வீட்டு ஒலிங்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்த ஊர் வழக்கப்படி இறந்தவர் பெயர் அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குப் போகும். பெயரோடு ஆளும் வந்துவிடுவார். ஆகவே அங்கல்காக் என்ற அந்தக் குழந்தை மார்ஃபாவுக்கும் அவள் அண்ணன் வாஸ்காவுக்கும் அப்பாவானது. இருபத்திரண்டு வயது ஒலிங்கா பாட்டியானாள்.

"பாட்டி, அப்பா தூங்கிட்டாரா?" என்று மார்ஃபா சுவரைத் தட்டிக் கேட்பாள்.

"உங்கப்பா இப்பத்தான் பாயை நாசம் பண்ணியிருக்காரு. பெத்த மகதானே, வந்து கழுவி விடு" என்று பதில் வரும்.

அப்பா போய் ஒரு வருஷம் முடிந்ததும் வாஸ்கா விருந்து வைத்தான். இறந்தவருக்கு ஊட்ட வேண்டுமென்றால் அவர் பெயரைச் சுமப்பவருக்கு ஊட்ட வேண்டும். அதனால் ஊரே வரிசையில் வந்து, கொழுப்பும் பழமும் சேர்த்துக் குழைத்த அகூதாக்கை விரலால் வழித்துக் குழந்தையின் வாயில் வைத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து முத்தம் கொடுத்தார்கள். குழந்தைக்குப் புதுக் கையுறையும் நீர்நாய்த் தோல் தொப்பியும் கிடைத்தன. மறுநாள் சளியும் பிடித்தது. அக்டோபரில் யாருக்குத்தான் பிடிக்கவில்லை?

அந்த வாரக் கடைசியில் குழந்தை முனக ஆரம்பித்தது.

பெரியவர் அங்கல்காக்குக்கு அந்தப் பழக்கம் உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தால் "உம்... உம்" என்று முனகுவார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சத்தம் அது. வாஸ்கா குழந்தையின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். செய்தி பரவி அத்தை வந்து கேட்டு அழுதாள். இன்னும் நாலு பேர் வந்து கேட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

கிளினிக்கைப் பூட்டிவிட்டு வந்த மார்ஃபாவை வாஸ்கா வாசலிலேயே பிடித்தான்.

"ஏய், வந்து கேளு! அப்படியே அப்பா!"

அவளும் கேட்டாள். ஒரு வருஷமாகக் கேட்காத சத்தம். சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், டீயை வாங்கிக்கொண்டாள். பாதி டீ குடிப்பதற்குள் ஒன்று அவளை உறுத்தியது. அப்பா உட்காரும்போதுதான் முனகுவார். இவர் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் முனகினார்.

"ஒலிங்கா, சட்டையைத் தூக்கு."

பாட்டி என்று கூப்பிடாமல் பெயரைச் சொன்னதும் ஒலிங்காவின் முகம் மாறியது.

சட்டைக்கு அடியில், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது. மூக்குத் துவாரம் விரிந்து சுருங்கியது. மார்ஃபா கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கினாள்.

"அப்பா பெத்தேல்லருந்து நடந்து வந்த வருஷம்கூட இப்பிடித்தான்..."

"அண்ணே, வாயை மூடு."

முழு நிமிஷம். அறுபத்தெட்டு. மறுபடி முழு நிமிஷம். அறுபத்தெட்டு.

"இந்த வயசுல அம்பது வந்தாலே ஆகாது" என்றாள்.

"இருமலே பெருசா இல்லியேடி?" என்றான் வாஸ்கா.

"இருமல் இல்லேன்னா என்ன? நுரையீரல் சுருங்கி ஒட்டிக்காம இருக்கணும்னு புள்ள தொண்டையை இறுக்கி முக்குது. அந்தச் சத்தம்தான் இது."

வாஸ்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப இது அப்பா இல்லையா?"

"அப்பாதான். அப்பாவுக்கு நிமோனியா."

குழந்தையைக் கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். காய்ச்சல் கொதித்தது. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் குறைவென்று காட்டியது. முதுகின் வலது அடிப்பக்கத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் சட்டியில் உப்பு பொரிவது போலக் கேட்டது. இடது பக்கம் சுத்தமாக இருந்தது. எல்லாவற்றையும் டாக்டரிடம் வரிசையாகச் சொன்னாள். ஒரே பக்கம், இவ்வளவு காய்ச்சல், சளி பிடித்துச் சில நாளில் இப்படி என்றால் பாக்டீரியாவாகத்தான் இருக்கும், தொடையில் ஊசி போடு, ஆக்ஸிஜன் வை, விமானம் அனுப்புகிறேன் என்றார் டாக்டர். அவள் எதிர்பார்த்ததும் அதுதான்.

ஆனால் வெளியே பனிமூட்டம். ஆறு பாதி உறைந்து கிடந்தது. படகும் போகாது, பனி வண்டியும் போகாது. விமானம் பெத்தேலிலேயே நின்றது. கிளினிக்கில் ஒரே ஒரு ஆக்ஸிஜன் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"யாருகிட்டேருந்து வந்துச்சு?" என்றான் வாஸ்கா.

"யாருன்னு சொல்றது? இந்தக் கிருமி பிள்ளைங்க மூக்குல சும்மாவே குடியிருக்கும். நல்லா இருக்கிற பிள்ளையை ஒண்ணும் பண்ணாது. சளி புடிச்ச பிள்ளைக்கு நெஞ்சுக்குள்ள இறங்கிடும். அன்னிக்கு நாப்பது பேரு விரலை விட்டோம்."

"நாப்பத்திமூணு" என்றான் வாஸ்கா. விருந்து அவனுடையது.

"சரி, நாப்பத்திமூணு."

"அதுக்காக அப்பாவுக்கு ஊட்டாம இருக்க முடியுமா?"

"ஊட்டு. கையைக் கழுவிட்டு, அவரு கிண்ணத்துல, அவரு கரண்டியால, ஒரே ஆளு ஊட்டு. ஒரே தண்ணில ஊரே கை முக்குற பேசின்ல இல்ல, ஊத்திக் கழுவு."

வாஸ்கா தன் விரல்களைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரெண்டாவது தடவையும் போயிடுவாராடி?" என்றான்.

மார்ஃபாவுக்குத் தெரியாது. குழாயைச் சரிசெய்துவிட்டு மறுபடி எண்ணினாள்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மூட்டம் கொஞ்சம் விலகியது. விமானச் சத்தம் கேட்டதும் வாஸ்கா ஒலிங்காவையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவாக ஓட்டினான்.

அதற்கு அடுத்த நாள் ஒலிங்கா ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பேசினாள். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளையாகத் திட்டு தெரிந்ததாம். மருந்து கேட்கிறதாம், காய்ச்சல் இறங்கிவிட்டதாம்.

"மூச்சு எவ்வளவு?"

"முப்பத்தெட்டுன்னாங்க அக்கா."

"முழு நிமிஷம் எண்ணினாங்களா?"

"நான் என்னத்தக் கண்டேன்? மூக்குல வச்ச குழாயை ரெண்டு தடவை பிடுங்கி எறிஞ்சிட்டாரு. காலைல நர்ஸைக் கடிச்சும் வச்சிட்டாரு."

பக்கத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த வாஸ்கா துள்ளினான். "அப்பாவேதான்! ஆஸ்பத்திரின்னாலே அவருக்கு ஆகாது."

மார்ஃபா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நர்ஸ்கிட்ட மன்னிப்பு கேட்டுக்க, பாட்டி" என்றாள். "எங்கப்பா சார்பா."