படித்ததாகச் சொன்ன காகிதம்

எங்கள் லைன் வீடுகளில் ஒருவரை நம்பலாம் என்பதற்கு "அவரு நம்ம ஷிஃப்டு" என்பார்கள். எங்கள் தங்கச் சுரங்கம் மூடிப் பல வருஷமாகியும் இந்தப் பேச்சு மட்டும் மூடவில்லை. அப்படிச் சொன்ன பிறகு மேற்கொண்டு விசாரிப்பது மரியாதை இல்லை. என் தங்கையின் புருஷன் ஒயிட்ஃபீல்டில் கட்டட வேலையில் சாரம் சரிந்து இறந்தபோது, நஷ்டஈட்டுக்காக நான் பிடித்த வக்கீலைப் பற்றி அவளிடம் சொன்னதும் அவ்வளவுதான்.

அந்த வக்கீல் மாரிகுப்பத்துக்காரர். விடியற்கால வண்டியில் எங்கள் பெட்டியில்தான் பெங்களூருக்கு வருவார். அவருடைய சூட்கேஸை மடிகளின் மேல் வைத்துச் சீட்டாடுவோம். எனக்கு கே.ஆர். புரத்தில் லேத் வேலை. வண்டியில் இன்னொரு வேலையும் இருந்தது, கன்னடப் பேப்பரின் தலைப்புச் செய்திகளைச் சத்தமாகப் படிப்பது. பேசுவதற்கு எங்கள் எல்லோருக்கும் கன்னடம் வரும். எழுத்து மட்டும் நானே பஸ் போர்டையும் சினிமா போஸ்டரையும் பார்த்துப் பழகியது. பெரிய எழுத்தைப் படித்துவிடுவேன். பொடி எழுத்தை ஊகித்து, மேலே கொஞ்சம் மசாலா தூவிச் சொல்வேன். "வாத்தியார் வண்ட்டாரு, எடம் உடுங்கப்பா" என்பார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

கட்டட கான்ட்ராக்டர் சமாதானமாகப் போக ஒப்புக்கொண்டதும், பேச்சுவார்த்தைக்காகத் தங்கையையும் ஒரு நாள் எங்களோடு வண்டியில் அழைத்துப்போனோம். டேக்கல் ஸ்டேஷன் தாண்டியதும் வக்கீல் சீட்டுக்கட்டை ஒதுக்கிவிட்டு, சூட்கேஸ் மேல் சில காகிதங்களை விரித்தார். எல்லாம் டைப் அடித்த கன்னடம்.

"இன்னா எழுதிகீதுண்ணா?" என்றாள் தங்கை.

வக்கீல் சிரித்தார். "வாத்தியாரு பக்கத்துல கீறாரு, என்ன இன்னாத்துக்குப் பாக்கற? படிச்சி சொல்லுங்க வாத்தியாரே."

பெட்டியே என்னைப் பார்த்தது. முதல் வரியிலேயே எனக்கு எழுத்து இடறியது. கோர்ட் பாஷை, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. படிக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினேன். "கேஸு பேப்பருதாம்மா. கையெழுத்து போடு" என்றேன். அவள் போட்டாள். சாட்சியாக நானும் போட்டேன்.

"பணம் வரும், வரும்" என்று வக்கீல் சொல்லியே இரண்டு வருஷம் போனது. ஒரு நாள் கான்ட்ராக்டரின் மேஸ்திரியை நேரில் பார்த்துக் கேட்டபோது, "அப்பவே உங்க வக்கீல் கையில குடுத்தாச்சேப்பா" என்றார். அன்று போட்ட கையெழுத்துகளில் ஒன்று, தொகையை வாங்கிக்கொள்ள வக்கீலுக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. இன்னொன்று ரசீது, முழுத் தொகையும் தங்கை கைக்கு வந்துவிட்டதாகச் சொன்னது. வக்கீல் முதலில் பெட்டியை மாற்றினார், அப்புறம் வண்டியையே மாற்றிக்கொண்டார்.

மோசடி என்று வழக்குப் போட பங்காருபேட்டையில் ஒரு வக்கீலம்மா கிடைத்தார். "உங்க தங்கச்சிக்குக் கன்னடம் படிக்க வராது, அதுல இருக்கறத யாரும் எடுத்துச் சொல்லல. கேஸே அதும்மேலதான் நிக்குது. யாராவது படிச்சிச் சொன்னாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மைதான். மீதி உண்மையை விழுங்கிவிட்டேன்.

பழைய வக்கீல் பதில் மனு போட்டார். கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்த அண்ணன் முழுவதும் வாசித்து விளக்கி, சாட்சிக் கையெழுத்தும் போட்டான் என்று அதில் இருந்தது. வக்கீலம்மா போன் செய்தார். "அண்ணா, நீங்க வண்டியில பேப்பர் படிப்பீங்களாமே?"

அன்றிலிருந்து லேத்தில் அளவு தப்பியது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் தங்கை, "கேஸு நிக்குமாண்ணா?" என்று கேட்பாள். "அவன் நம்மள ஏமாத்திட்டான்மா, நிக்கும்" என்பேன். அந்த 'நம்மள' என்ற சொல் வாயில் கசக்கும்.

என்னைக் கூண்டில் ஏற்றிய நாளில் எங்கள் பெட்டிக்காரர்கள் இரண்டு பேர் எதிர்த்தரப்புக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பழைய வக்கீலுக்காக வாதாட வந்தவர் ரசீதை என் கையில் கொடுத்து, கன்னடத்தில் சொன்னார்: "தினம் பேப்பர் படிக்கிறவரு. இதையும் கொஞ்சம் படிங்க."

விஷயம் வெளிப்பட்ட நாளிலிருந்து அந்த ரசீதின் நகலைத்தான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சரளமாகப் படித்தால் தங்கையின் வழக்கு போச்சு. தெரியாத மாதிரி தடுமாறினால் அதுவும் பொய்.

"ஐயா, இது எனக்கு இப்ப மனப்பாடம்" என்றேன் நீதிபதியிடம். "அன்னைக்குத் தெரியாது. வேற எதுனா குடுங்க."

அவர் பக்கத்திலிருந்த கேஸ் கட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை உருவிக் கொடுத்தார். இரண்டு சொல் வந்தது. மூன்றாவதில் நின்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அன்னைக்கும் இப்படித்தான் ஐயா. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. படிச்சா மாதிரி கண்ண ஓட்டினேன்."

நீதிபதி குனிந்து எழுதினார். நம்பினாரா, நடிப்பு என்று நினைத்தாரா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தங்கை இருந்த பக்கம் நான் திரும்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அவள் கேட்டாள்.

"அப்ப நீ படிக்கவே இல்லியா?"

"இல்லம்மா."

"அந்தாளு பேப்பர மாத்திட்டான்னுல்ல நான் நெனச்சிகினு கீறேன். நீ படிச்சது வேற, கோர்ட்டுல கீறது வேறன்னு." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "தெரியலன்னு சொல்லியிருந்தா, எதிர் சீட்டுல ஒரு கன்னடக்கார அம்மா பூக்கூடையோட குந்திகினு இருந்தாங்க. அவங்களக் கேட்டிருப்பேன்."

அந்த அம்மாவை எனக்கும் நினைவிருந்தது.

ஒரு மாதம் கழித்துக் கோர்ட் உத்தரவின் நகல் வந்தது. வக்கீலம்மா போனை எடுக்கவில்லை. தங்கை என் வீட்டுக்கு வந்து அதை முன்னால் வைத்தாள்.

"படி. தெரியாத எடத்துல நில்லு."

இரண்டாவது வரியில் நின்றேன்.

"தெரியலியா?"

"தெரியலம்மா."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அக்காவிடம் போனாள். நானும் பின்னாலேயே போய் நின்றேன். அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். வெறும் ரசீதை வைத்து முடிவு சொல்ல முடியாது, பழைய வக்கீல் தன் பேங்க் கணக்கை அடுத்த வாய்தாவுக்குள் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று இருந்தது.

"இன்னொரு வாட்டி படிங்கக்கா" என்றாள் தங்கை. அக்கா படித்தார்.

"கேட்டுகினியா?" என்று என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டேன்."

வழக்குக் காகிதங்களை இதுவரை என்னிடம்தான் கொடுத்து வைப்பாள். அன்று உத்தரவை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.