பதினெட்டு இஞ்ச்சு மட்டும் போதாது

யுவராணிக்கு மரம் ஏறத் தெரியாது. மிஷின் ரம்பத்தைத் தூக்கிப் பிடித்து ஒரு கிளைகூட வெட்டியதில்லை. ஆனாலும் மேனாம்பேட்டில் அவள் புருஷன் உதயகுமாரின் மரம் வெட்டும் தொழில் அவள் கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் டூல் தீட்டும் செக்‌ஷனில் இருந்தவள் அவள். கம்பெனி ஊரை விட்டுத் தொலைவாகப் போனபோது வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த மூன்றாம் நாள் உதயகுமாரின் மிஷின் ரம்பத்தைப் பிரித்து, செயினை விரலால் தடவிப் பார்த்தாள்.

"இத்த வெச்சிக்கினா இத்தினி நாளா மரம் வெட்டிக்கினு இருந்த? இது எங்க வெட்டுது, தேய்க்குது" என்றாள்.

உதயகுமாருக்குச் சுருக்கென்றது. ஆனால் அவள் தீட்டிக் கொடுத்த செயினோடு போன அன்று முழுநாள் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. வீடு திரும்பினான். அரத்தை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தான். அவ்வளவுதான் பாராட்டு.

அதிலிருந்துதான் அவளுக்கு எரிச்சல் தொடங்கியது. ஒரு மணி நேரம் குனிந்து முப்பத்தாறு பல்லையும் தீட்டிக் கொடுப்பாள். அவன் போய், மண்ணோடு கிடக்கும் வேரில் மிஷினை விட்டு ஒரே நிமிஷத்தில் மொக்கையாக்கிக் கொண்டு வருவான். செயின் ஓடுகிற பட்டை இரும்புக்கு 'பார்' என்று பெயர். அதன் அடிப்பக்கம்தான் சீக்கிரம் தேயும்; அதனால் செயினைக் கழற்றும்போதெல்லாம் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டச் சொல்லுவாள். ஒரு தரம்கூடத் திருப்பியதில்லை. எண்ணெய் வருகிற ஓட்டையில் மரத்தூள் அடைத்து, பார் சூட்டில் நீலம் பாரித்துப் போயிருக்கும். கேட்டால், "வெட்டுச்சா இல்லியா, அத்த சொல்லு" என்பான்.

கார்த்திகை மழையில் திருமுல்லைவாயிலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்தது. காலை ஆறரைக்கு போன் வந்தது. வண்டி வெளியே வரும் ஒரே வழியை மரம் அடைத்துக்கொண்டு கிடக்கிறது. உள்ளே தட்சிணாமூர்த்தி என்கிற பெரியவருக்குப் பத்து மணிக்கு டயாலிசிஸ். மாநகராட்சி ஆட்கள் வேறு தெருக்களில் இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று தெரியாது. உதயகுமார் கிளம்பினான். பழைய செயின் முந்தின நாள்தான் வேரில் மாட்டிப் பாழாகியிருந்தது. ஆனால் புதுச் செயின் வாங்கிவந்து பையில் போட்டுவிட்டதாக அவன் சொல்லியிருந்தான். ஒரு கை உதவிக்கு இருக்கட்டும் என்று யுவராணியும் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

அங்கே போய், நனைந்த தரையில் சாக்கை விரித்து, பழையதைக் கழற்றி, புதுச் செயினைப் பாரில் மாட்டிப் பார்த்தபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. நீளம் சரியாக இருந்தது. ஆனால் செயினின் அடிப்பற்கள், பாரின் பள்ளத்துக்குள் ஓடுகிற பற்கள், மிஷினின் பல்சக்கரத்தில் உட்காரவே இல்லை. இரண்டு பல் உட்கார்ந்தால் மூன்றாவது மேலே ஏறிக்கொண்டு நின்றது.

"இன்னா செயின் வாங்கினு வந்துகீற?"

"பதினெட்டு இஞ்ச்சு. நம்ம பார் பதினெட்டு இஞ்ச்சுதானே?"

"பாரோட நீளத்த மட்டும் சொன்னா ஆச்சா? பல்லுக்கும் பல்லுக்கும் எவ்ளோ கேப்பு, அடிப்பல்லு இன்னா தடி, மொத்தம் எத்தினி, மூணையும் பாக்கணும். உன் போனுக்கு அனுப்பி வெச்சனே, பாத்தியா?"

"கடைல கூட்டம். பதினெட்டுன்னேன், எட்த்து குட்த்தாரு."

"நம்மளுதுல அடிப்பல்லு எழுபத்தி ரெண்டு. இத்த எண்ணிப் பாரு, அறுபத்தியெட்டு. பல்லு தள்ளித் தள்ளிக் கீது."

"நல்லா இழுத்து டைட் பண்ணா ஒக்காந்துரும்" என்று அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"பண்ணு. அறுந்து உன் மூஞ்சில அடிக்கட்டும்."

அவன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

வேறு வழியில்லை. பழைய செயினைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். யுவராணி காம்பவுண்டுச் சுவர் ஓரமாகக் குந்தினாள். பாரின் பள்ளத்தில் இறுகியிருந்த தூளை உடைந்த ஹாக்சா பிளேடால் கீறி எடுத்தாள். எண்ணெய் ஓட்டையைக் கம்பியால் குத்தினாள். விளிம்பில் நீட்டிக்கொண்டிருந்த பிசிறைத் தட்டை அரத்தால் ராவினாள். பாரைத் திருப்பி மாட்டினாள். பிறகு பல் பல்லாகத் தீட்டத் தொடங்கினாள். ஒவ்வொன்றுக்கும் நாலு இழுப்பு, உள்ளேயிருந்து வெளியே, ஒரே சாய்வில். வலப்பக்கப் பற்கள் அதிகம் தேய்ந்திருந்தன. அதனால் இடப்பக்கத்தையும் அதே அளவுக்குக் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் வெட்டு கோணிக்கொண்டு போய் பார் மரத்துக்குள் மாட்டிக்கொள்ளும்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் கோகுல்நாத் அரை டவுசரில் குடையோடு வந்து நின்றார்.

"ஏங்க, வெட்டறதுக்கு வந்தீங்களா, உட்கார்றதுக்கு வந்தீங்களா? அரை மணி நேரமா பாக்கறேன், மரத்துல கையே வைக்கல."

"தீட்டாம வெட்னா மத்தியானம் வரிக்கும் வெட்டிக்கினே இருக்கணும் சார்."

"வர்றதுக்கு முன்னாடியே ரெடி பண்ணிட்டு வரமாட்டீங்களா?" என்று அவர் உதயகுமாரைப் பார்த்துக் கேட்டார்.

உதயகுமார், "லேடீஸ் சார், கொஞ்சம் ஸ்லோ" என்று சிரித்தான்.

அரத்தை அவன் தலையில் எறியலாமா என்று ஒரு கணம் தோன்றியது யுவராணிக்கு. பன்னிரண்டாவது பல்லில் இருந்தாள். பதின்மூன்றுக்குப் போனாள்.

மிஷின் ஓடியபோது மணி எட்டே முக்கால். இந்தத் தரம் மாவு பறக்கவில்லை. சீவல் சீவலாகத் தெறித்தது. பார் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. மேலே பால்கனிகளில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிக் குனிந்து பார்த்தார்கள். அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியது. கிளைகள் போய், அடிமரத்தில் முதல் துண்டு விழுந்தது. இரண்டாவது வெட்டில் பாதி போனதும் 'கிரீச்'சென்று ஒரு சத்தம், ஒரு தீப்பொறி.

ஆணி. ஒரு விரல் தடிமனுக்குத் துருப்பிடித்த ஆணி, மரப்பட்டை மூடி வளர்ந்து உள்ளேயே புதைந்து கிடந்திருக்கிறது. செயினைக் கழற்றிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் ஒன்பது பல் முனை உடைந்திருந்தது.

அழுகை வரும்போல இருந்தது, வந்தது கோபம். "எந்தப் புண்ணியவான் அட்ச்சான் இத்த?" என்று பால்கனிகளைப் பார்த்துக் கத்தினாள். திரும்பவும் சாக்கின்மேல் குந்தினாள். உடைந்த பற்கள் எவ்வளவு குட்டையோ அவ்வளவுக்கு மீதி இருபத்தேழையும் ராவ வேண்டும். அரம் வழுக்கி விரல் கிழிந்தது. தட்சிணாமூர்த்தியின் மகள் நிவேதிதா லேப்டாப் பையோடு இரண்டு தரம் வந்து, ஒன்றும் கேட்காமல் பார்த்துவிட்டுப் போனாள். மூன்றாம் தரம் வந்தவள் ஒரு பிளாஸ்திரியைக் கொடுத்தாள்.

"அவசரப்படாதீங்கக்கா. ஆஸ்பத்திரில பேசிட்டேன். பதினொண்ணு வரைக்கும் வெயிட் பண்றாங்களாம்."

காலையிலிருந்து அவளிடம் பரிவோடு பேசிய முதல் ஆள் அந்தப் பெண்தான்.

பத்தே முக்காலுக்கு ஒரு ஆட்டோ நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. கடைசித் துண்டை ஐந்து பேர் சேர்ந்து உருட்டினார்கள். நிவேதிதா அப்பாவைக் கைத்தாங்கலாக ஏற்றினாள். வீங்கிய கால், மெலிந்த முகம். ஆட்டோ யுவராணி பக்கம் வந்ததும் பெரியவர் நிறுத்தச் சொன்னார்.

"அம்மா, அந்த ஆணி நான் அடிச்சது. அவரைக்கொடி ஏத்தறதுக்கு. பத்து வருஷம் இருக்கும். நீ கேட்டப்ப நான் மேல பால்கனிலதான் நின்னேன், சொல்லத் தைரியம் வரல."

இத்தனை நேரம் தேக்கி வைத்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"காய்ச்சுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் நல்லா காய்ச்சுது."

"சரி, போய்ட்டு வாங்க நைனா. நேரமாவுது."

ஆட்டோ போனதும் கோகுல்நாத் வந்து உதயகுமாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சூப்பரான வேலை என்றார். உதயகுமார் தலையை ஆட்டிக்கொண்டு, "மிஷின் நல்ல மிஷின் சார்" என்றான்.

மறுநாள் யுவராணி பாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டு சென்னீர்குப்பத்தில் அந்தக் கடைக்குத் தானே போனாள். உதயகுமார் வண்டியை ஓட்டினான். கடைக்காரர் குணசேகரன் அவளைத் தாண்டி அவனிடம், "சொல்லு தலைவா, இன்னா வேணும்?" என்றார்.

"நான்தாங்க வந்துகீறேன்" என்று யுவராணி பாரை மேஜைமேல் வைத்தாள். பழைய செயினையும் அவர் கொடுத்த புதுச் செயினையும் பக்கத்தில் நீட்டிப் போட்டாள். இரண்டின் இடைவெளியும் கண்ணுக்கே தெரிந்தது. அவர் பார்த்தார். பிறகு, "அவருதாம்மா பதினெட்டுன்னு கேட்டாரு" என்றார்.

"அவரு கேப்பாரு. நீங்க மிஷின் இன்னான்னு கேக்க வேணாமா?"

அவர் உள்ளே போய் வேறு சுருளிலிருந்து செயினை அறுத்து, ரிவெட் அடித்து இணைத்துக் கொடுத்தார். அங்கேயே நின்று எண்ணினாள். எழுபத்திரண்டு. பல்சக்கரமும் தேய்ந்து பள்ளமாயிருப்பதால் அதையும் மாற்ற வேண்டும் என்றாள். தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் பத்து நாளில் அதுவும் போய்விடும். சக்கரம் ஸ்டாக் இல்லை. அடுத்த வாரம் வரும் என்றார். முந்தின வாரமும் இதையேதான் சொன்னாராம். உதயகுமார் அப்போதுதான் வாயைத் திறந்து அதைச் சொன்னான்.

"அப்ப சக்கரம் கேட்டு வந்தியா? ஊட்ல சொல்லவே இல்ல?"

"நீ கத்துவ."

வீட்டுக்கு வந்ததும் யுவராணி நேராக உள்ளே போனாள். புதுச் செயினை எண்ணெய் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடி, அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சக்கரம் வரும்வரைக்கும் தொடக்கூடாது என்றாள். அதுவரை, குட்டைப் பல் செயினை ஒருநாள் விட்டு ஒருநாள் தீட்டினாள். புதன்கிழமை காலை அவன் ஆவடியில் வேலைக்குப் போன இடத்திலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான்: கழற்றித் திருப்பி மாட்டிய பார். கீழே ஒரு வரி: 'திருப்பிட்டேன்.'

பெரிதாக்கிப் பார்த்தாள். பாரைத் திருப்பியிருந்தான். செயினையும் சேர்த்துத் திருப்பியிருந்தான். பற்கள் எல்லாம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டிருந்தன; இப்படி ஓட்டினால் மிஷின் மரத்தை வெட்டாது, தேய்க்கத்தான் செய்யும்.

யுவராணி போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினாள்.