வெட்டு இல்லாத நாள்

மாவனல்லையில் பஸ்ஸுக்கு நின்றபோது, ரப்பர் ஒட்டுப்பால் மூட்டை ஏற்றிய லொறி ஒன்று கடந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது அம்மாவின் வாசம்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தின் வரிசை வீட்டில் பாய், தலையணை, சோறு பிசையும் கை என எல்லாமே ரப்பர் பாலின் புளிப்பில் ஊறிக் கிடந்தன. விடியுமுன் அம்மா பால் வெட்டப் போய்விடுவாள், நாங்கள் எழும்பும்போது அடுப்புச் சாம்பலில்தான் கொஞ்சம் சூடு மிச்சமிருக்கும். மழை பெய்தால் மரப்பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது. அன்றைக்குக் கங்காணி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வாசல் வாசலாகக் கத்திக்கொண்டு போவார்: “இன்னைக்கு வெட்டு இல்ல, எல்லாரும் வீட்டுலயே இருங்க!” அம்மா திரும்ப வந்து படுப்பாள், நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு பக்கம் ஒட்டிக்கொள்வோம், தகரத்தில் மழை கொட்டும்.

“மாதாவே, நாளைக்கும் பெய்யணும்” என்பாள் தங்கச்சி.

“அப்ப சோத்துக்கு என்னடி பண்றது?” என்று அம்மா சிரிப்பாள்.

நான் போர்டிங்கில் தங்கிப் படித்த வருடம், அப்படியொரு மழைக் காலையில் மலை சரிந்து லயத்தை மூடியது. வெட்டு இல்லாததால் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். சொல்லிவிட்டு அடுத்த லயத்துக்கு நடந்துகொண்டிருந்த கங்காணி மட்டும் பிழைத்தார்.

போன மாதம் அவரைப் பார்க்க அவர் மகள் வீட்டுக்குப் போனேன். பேசிக்கொண்டிருக்கையில் மழை இறங்கியது. கிழவர் முற்றத்துக்கு ஓடினார்.

“இன்னைக்கு வெட்டு இருக்கு! எல்லாரும் வெளிய வாங்க!”

நான் எழுந்து மழையில் இறங்கினேன். வந்தது நான் மட்டும்தான்.