தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு, இறப்புப் பதிவேடு என் மேசையில்தான் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பிள்ளை எப்போது யாருக்குப் பிறந்தது என்று கேட்டால் ஏட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். என் மகள் எப்படி எங்களிடம் வந்தாள் என்பதை மட்டும் அவளிடம் சொல்லாமல் ஆறு வருஷம் ஓட்டினேன்.

மூன்று மாதக் குழந்தையாக ஓர் இல்லத்திலிருந்து அவளைத் தத்தெடுத்தோம். சொந்தபந்தம் எல்லோருக்கும் தெரியும். வளரட்டும், நானே சொல்லிக்கொள்கிறேன் என்று எல்லோர் வாயையும் கட்டி வைத்திருந்தேன். காரணம் பயம்தான். தெரிந்துவிட்டால் இவள் என்னை விட்டு மனதளவில் விலகிவிடுவாளோ என்ற பயம். அதை என் கணவரிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

மாங்கனித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் அண்ணன் குடும்பமும் தங்கை குடும்பமும் வரிச்சிக்குடியில் எங்கள் வீட்டில்தான் தங்கும். அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "ஒன்ன ஒங்கம்மா பெக்கலடா, ஒரு முறம் தவிட்டுக்குல்ல வாங்குனோம்" என்று வம்பிழுப்பார். பிறக்கும் பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்குவார்களாம். எமன் ஏமாந்து போவானாம். அந்த வழக்கம் போய்விட்டது, கேலி மட்டும் மிச்சம்.

அந்த வருஷம் வரிசையில் கடைசியாக என் மகளும் நின்றாள். வாய்ப்பழக்கத்தில் அவளிடமும் அண்ணன் சொல்லிவிட்டார். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கூடம் கப்பென்று அடங்கியது. அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போனார். நான் மாம்பழம் நறுக்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை கொட்டகையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"மத்த பிள்ளைங்கள மாமா சொன்னப்ப எல்லாரும் சிரிச்சீங்க. என்னைச் சொன்னப்ப மட்டும் ஏம்மா யாருமே சிரிக்கல?"

இத்தனை பெரியவர்கள் சேர்ந்து மூடி வைத்ததை, ஒரு சிரிப்பு வராததை வைத்தே கண்டுபிடித்துவிட்டாளே! சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் பயத்தைவிட அவள்மேல் பிரமிப்புதான் அதிகமாக இருந்தது.

சொன்னேன். உன்னைப் பெற்றது இன்னொரு அம்மா, ஆறு நாள் பால் கொடுத்திருக்கிறார், பிறகு இல்லத்தில் விட்டிருக்கிறார், மூன்று மாதத்தில் நீ எங்களிடம் வந்தாய் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன்.

"அவங்க ஏன் என்னை வச்சுக்கல?"

ஏழைப்பட்டவங்க, செத்துப்போயிட்டாங்க என்று எதையாவது ஜோடித்துவிட நாக்கு துடித்தது. என் ஏட்டில் தெரியாத இடத்தை நான் இட்டுக்கட்டி நிரப்பியதில்லை. மகளுக்கு மட்டும் நிரப்பலாமா?

"தெரியல கண்ணு. யாரும் எழுதி வைக்கல."

"அவங்க அழுதாங்களா?"

"அதுவும் தெரியல."

"நீ?"

"ஒன்ன கையில வாங்குனப்ப அழுதேன். சந்தோஷத்துல."

கொஞ்ச நேரம் தவிட்டை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். பிறகு, "மாடு கத்துது பாரும்மா" என்றாள். வாளியைத் தூக்க அவளும் ஒரு கை கொடுத்தாள்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. அந்த வருஷம் முழுக்கக் கேட்டாள். தலை பின்னும்போது ஒரு கேள்வி, கோட்டுச்சேரி பஸ்சில் எல்லார் காதும் கேட்க ஒரு கேள்வி. தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். சில நாள் பதிலைக் கேட்டுவிட்டு என்னோடு பேசாமலே தூங்கிப்போவாள். அப்போதெல்லாம் இவளை இழந்துவிட்டேன் என்றே நினைப்பேன்.

அடுத்த மாங்கனித் திருவிழா வந்தது. அண்ணன் மற்ற பிள்ளைகளை வம்பிழுத்துவிட்டு, இவளைத் தாண்டிப் போனார். இவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, என்னை விட்டுட்டீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். "சொல்லுங்கண்ணே" என்றேன்.

"ஒன்ன... தவிட்டுக்கு வாங்குனோம்."

"எவ்ளோ தவிடு?"

"ஒரு மூட்டை" என்றார், வாயில் வந்ததை.

"மத்தவங்களுக்கு ஒரு முறம்தானே! எனக்குத்தான் நெறைய!" என்று குதித்தாள். கூடமே சிரித்தது.

அவள் மட்டும் சட்டென்று நின்று, என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரிக்கிறேனா என்று பார்த்தாள்.

சிரித்தேன்.