அம்மா ஊதி நூர்த்த மெழுகுதிரி

வெயில் ஏறிய கறுப்புத் துணிக்கு ஒரு மணம் உண்டு. சாயமும் தூசியும் கலந்து தொண்டையில் வந்து நிற்கிற மணம். டென்மார்க்கில் நாங்கள் கண்ட முதல் வசந்தம் எனக்கு அந்த மணமாகத்தான் நினைவிருக்கிறது. வெளியே செர்ரி மரங்கள் பூத்துச் சொரிய, ஹேர்னிங்கில் எங்கள் மாடி வீட்டுக்குள் மட்டும் பட்டப்பகலிலும் இருட்டு. அப்பா வேலை செய்த ஆலையில் கழித்துவிட்ட பருத்தித் துணியை அம்மா இரட்டை மடிப்பாகத் தைத்து, எல்லா ஜன்னல்களுக்கும் ஆணி அறைந்து மூடியிருந்தார். ஏனென்று கேட்டால் ஒரே பதில்தான்: "மேலாலை போறவனுக்கு எங்கடை வெளிச்சம் தெரியக்கூடாது."

மேலால் போனவையோ விடுமுறைக்குப் போகிறவர்களை ஏற்றிய விமானங்கள். ஆனால் யாழ்ப்பாணத்தில் குண்டு போடுகிற "பொம்பர்" இரைந்தால் ஜாம் போத்தல் விளக்கை நூர்த்துவிட்டு எங்களைப் பங்கர் குழிக்குள் இழுத்துக்கொண்டு ஓடிப் பழகிய அம்மாவுக்கு இரைகிறதெல்லாம் பொம்பர்தான். அப்பா சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். எனக்கு ஒன்பது வயது, வாயும் கொஞ்சம் நீளம். "எங்கடை வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி அடியும் வாங்கினேன். அந்த வீட்டில் ஆட்கள் இருக்கிறார்களா என்று வகுப்பில் ஒருத்தி கேட்டதிலிருந்து எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: எங்கள் ஜன்னலிலும் ஒரு வெளிச்சம் தெரிய வேண்டும்.

மே நாலாந் திகதி பின்னேரம் அப்பா வேலைக்குப் போய்விட்டார். பொழுதுபடுகிற நேரம் குப்பை போட இறங்கிய அம்மா, போன வேகத்தில் மூச்சிரைக்க ஓடிவந்தார். "எல்லாரும் லைட்டை நூத்துப்போட்டினம். பொம்பர் வரப்போகுது பிள்ளை, கட்டிலுக்குக் கீழை போ!" நான் துணியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். எதிர் வீடுகளில் மின்விளக்கு இல்லைதான். ஆனால் ஜன்னலுக்கு ஜன்னல் மெழுகுதிரி எரிந்தது. என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்த அம்மாவுக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. "லைட்டை நூத்துப்போட்டு ஜன்னல்லை திரி ஏத்துதுகள்! இந்தச் சனத்துக்குச் சண்டையெண்டால் என்னெண்டே தெரியாது!"

வேறொருவர் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருப்பார். அம்மா அப்படியா? கீழ் வீட்டில் தனியாக இருந்த இங்காவின் நினைவு வந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். இங்கா, நாங்கள் குடிவந்த அன்று கேக்கோடு வந்து எங்களை வரவேற்ற வெள்ளைத் தலைக்காரி. அவர் கதவைத் திறந்ததும் அம்மா நேரே ஜன்னலடிக்குப் போய், அங்கே எரிந்த இரண்டு திரிகளையும் ஒரே ஊதில் நூர்த்தார். பிறகு, "பயப்படாதேங்கோ, நான் நிக்கிறன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே அந்த மனுசியை மேசைக்குக் கீழே தள்ளப் பார்த்தார்!

எனக்கு வெட்கத்தில் உயிர் போய்விட்டது. குண்டு விழப்போகிறது என்று அம்மா நினைக்கிறார் என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் சொன்னேன். இங்கா சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து இருத்தி வைத்துக் கதையைச் சொன்னார், நான் தமிழாக்கினேன். ஜெர்மன் படை ஐந்து வருடம் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்ததாம். அப்போது இங்காவுக்கு என் வயது. இங்கா வீட்டு ஜன்னல்களிலும் இரவானால் கறுப்புக் காகிதம். அப்படியான ஒரு மே நாலாந் திகதி இரவுதான், டென்மார்க்கில் இருந்த ஜெர்மன் படை சரணடைந்துவிட்டது என்று லண்டன் வானொலி அறிவித்ததாம். செய்தி முடியும்வரைகூடப் பொறுக்காமல் இங்காவின் அம்மா காகிதத்தைக் கிழித்தெறிந்து, வீட்டிலிருந்த திரிகளையெல்லாம் ஜன்னலில் ஏற்றினாராம். தெரு முழுக்க அப்படித்தான். இன்றுவரை அதே நாளில் ஏற்றுகிறார்களாம்.

அம்மா இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்குப் பிறகு பொம்பர் வரேல்லையோ? கேள்."

கேட்டேன். வரவில்லை என்றார் இங்கா.

"ஒண்டுகூட?"

ஒன்றுகூட இல்லை.

அம்மா எழும்பி, தான் நூர்த்த இரண்டு திரிகளையும் தானே ஏற்றினார். பிறகு மேலே வந்தார், கதிரையில் ஏறினார், இரண்டு கையாலும் அந்தத் துணியைப் பிடித்து இழுத்தார். "துலைஞ்சு போ! இண்டையோடை துலைஞ்சு போ!" ஆணிகள் தெறித்து விழுந்தன. "ஸ்தோத்திரம்!" என்று கத்தியபடி அடுத்த ஜன்னலுக்குப் பாய்ந்தார். நான் கட்டிலில் ஏறித் துள்ளினேன். முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்த இங்கா கை தட்டினார். எதிர் வீட்டுக்காரரும் என்னவென்று தெரியாமலே தட்டினார்கள். எங்களிடம் மெழுகுதிரி இல்லை. அதனாலென்ன? அம்மா அந்தக் கறுப்புத் துணியிலேயே ஒரு கீலம் கிழித்துத் திரித்து, ஜாம் போத்தல் நிறையத் தேங்காயெண்ணெய் ஊற்றி, ஜன்னலில் ஏற்றி வைத்தார். வேலை முடிந்து வந்த அப்பா, "வீடு மாறி வந்திட்டனோ எண்டு நினைச்சன்" என்றார். அப்படி ஒரு சந்தோசத்தை நான் என் கலியாணத்தன்றுகூடக் காணவில்லை.

அப்பாவின் ஆலை இப்போது இல்லை. இங்காவும் இல்லை. அந்தத் தெருவில் மே நாலாந் திகதி திரி ஏற்றும் ஜன்னல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போன வருடம் அதே நாளில் அம்மாவைப் பார்க்கப் போனபோது, அவர் இரண்டு மெழுகுதிரிகளும் தீப்பெட்டியுமாகப் படியிறங்கிக்கொண்டிருந்தார். இங்காவின் வீட்டில் இப்போது ஓர் இளம் சோடி. கதவைத் திறந்த டேனிஷ் பெடியன் திரிகளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டான்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "பாத்தியே, இவங்கடை சண்டை முடிஞ்ச கதையை இவங்களுக்கு நானெல்லோ சொல்ல வேண்டிக் கிடக்கு" என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய், முன்பு தான் ஊதி நூர்த்த அதே ஜன்னலில் இரண்டு திரிகளையும் ஏற்றி வைத்தார்.