பாஸ் ஆகாத ஜோடி

எங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு ஜோடி செருப்பு இருக்கிறது. நான் தைத்த செருப்பு என்று வெளியே சொன்னால் ஆம்பூரில் எந்த ஷூ கம்பெனியும் என்னை உள்ளே விடாது. அடியில் லாரி டியூப், அதன்மேல் மடித்த கோணிச் சாக்கு, குறுக்கே துண்டைக் கிழித்துச் செய்த வார். இடது வலதைவிடக் கொஞ்சம் பெரிது. வார் சேரும் இடத்தில் தையல் கோணிக்கொண்டு போகிறது. அந்தக் கோணலைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

ஒட்டியவர் எங்கள் கம்பெனியின் செக்கிங் சார். நான் தைத்து அனுப்புவதை விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். தையல் நூலிழை விலகினாலும் சிவப்பு அம்போடு என் மிஷினுக்கே திரும்பி வரும். வாயைத் திறந்து திட்டமாட்டார், அதுதான் எரிச்சல். திட்டினால் நாமும் மனசுக்குள் திட்டித் தீர்த்துவிடலாம். அவர் லீவு போடும் நாள் எங்கள் லைனுக்குப் பண்டிகை.

ஒரு வருஷம் அவர் மாதக்கணக்கில் வரவில்லை. சர்க்கரைப் புண்ணில் ஒரு விரலை எடுத்துவிட்டார்கள், காலே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். எப்படியோ கால் தப்பியது. அந்தக் கார்த்திகை தீபத்துக்கு மாதனூரிலிருந்து திருவண்ணாமலைக்கு நடக்கும் எங்கள் கூட்டத்தில் மாலை போட்டுக்கொண்டு அவரும் வந்து நின்றார். காலைக் காப்பாற்றிக் கொடுத்தால் வருஷா வருஷம் செருப்பில்லாமல் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாராம். தப்பித்த காலைக் கொண்டுபோய் ஜல்லியில் தேய்ப்பதற்கு ஒரு வேண்டுதல்.

ஒடுகத்தூர் வரை எல்லோருக்கும் முன்னால் நடந்தார். ஊருக்கு ஊர் மோரும் சுண்டலும் கொடுத்தார்கள், சிரித்து வாங்கிக்கொண்டார். கம்பெனியில் அவர் பல்லைப் பார்த்தவர்கள் கிடையாது. அணைக்கட்டு தாண்டி, சாலை வேலை நடக்கும் ஒரு கிராமத்தில் பஞ்சர் கடை பெஞ்சில் உட்காரும்போதுதான் அவர் உள்ளங்காலைப் பார்த்தோம். கொப்புளம் உடைந்து மண் ஏறியிருந்தது. வலிக்கவே இல்லை என்றார். சர்க்கரைக் காலில் வலி தெரியாமல் போவதுதான் ஆபத்து. கடைக்காரர் போய் ஊர் நர்சம்மாவை அழைத்து வந்தார். அந்தம்மா கழுவிக் கட்டுப்போட்டு, இனிமேல் வெறுங்காலில் ஓர் அடி வைத்தாலும் அந்தக் கால் மிஞ்சாது என்று சொல்லிவிட்டார்.

பஸ் ஏறச் சொன்னோம், மறுத்தார். ரப்பர் செருப்பு வாங்கித் தருகிறோம் என்றோம், அதற்கும் மறுத்தார்.

"சொன்ன சொல்லுக்குத்தான் கால் கெடச்சிது சாமி. அத மாத்த மாட்டேன்" என்றார்.

சரி, காலில் கட்டிக்கொள்ள நாமே ஏதாவது செய்வோம் என்று இறங்கினோம். கூட்டம் முழுக்க ஷூ கம்பெனி ஆட்கள். ஒருத்தருக்கும் ஒரு செருப்பை முழுசாகச் செய்யத் தெரியாது. கட்டிங்கில் இருக்கிறவர் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு, வெட்டுகிற அச்சு, டை, இல்லையே என்று முழித்தார். ஒட்டுகிறவருக்குத்தான் குஷி, பஞ்சர் கடையில் சொல்யூஷன் இருந்தது. எனக்கு மிஷினுக்குப் பதில் ஒரு கோணி ஊசி. மாலை போட்டிருப்பதால் தோல் மட்டும் ஆகாது என்றார்கள். கம்பெனி வரிசைப்படியே உட்கார்ந்து, ஒருத்தர் செய்ததை அடுத்தவர் கைக்குத் தள்ளி, ஒருவழியாக முடித்தோம்.

அவர் தொடக்கூட இல்லை. செருப்பு போடமாட்டேன் என்று வேண்டியாகிவிட்டது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வழியெல்லாம் சாமி என்று கூப்பிட்டு வந்தவள், கம்பெனியில் கூப்பிடுவது போலவே கூப்பிட்டேன்.

"சார், இத பாத்து சொல்லுங்க. பாஸ் பண்ணுவீங்களா?"

கைப்பழக்கம் விடுமா? எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். வாரை இழுத்துப் பார்த்தார். இரண்டையும் அடியோடு அடி சேர்த்துப் பிடித்தார்.

"பண்ண மாட்டேன். ஜோடி சேரல, தையல் கோணல். ரிஜெக்ட்."

"அப்ப இது செருப்பே இல்ல சார். கால்ல கட்டிக்குங்க."

கையிலிருந்ததை இன்னொருமுறை திருப்பிப் பார்த்துக் கீழே வைத்தார். அப்புறம் காலை நீட்டினார். வாரைக் கட்டிவிடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தீபம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

லீவு முடிந்து வேலைக்குப் போனால், என் மிஷின்மேல் அந்த ஜோடி இருந்தது, சிவப்பு அம்போடு.

இப்போது அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். கார்த்திகை பிறந்தால் அந்த ஜோடியை வாங்கிப்போக வீட்டுக்கு வருவார், தீபம் முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவார். இந்த வருஷம் அலமாரியிலிருந்து இறக்கும்போது, கோணல் தையலைப் பிரித்து நேராகப் போட்டுத் தருகிறேன் என்றேன். பதறிப்போய் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

"வேணாம்மா. நீ சரி பண்ணிட்டா நான் போட முடியாது."